எண்பத்திமூண்டு நாள்

காலை வடிவா நீட்டி இருங்கோ தம்பி. முழங்காலில வெட்டுப்பட்ட ஆள் மொன்றியல் மட்டும் ஆறு மணித்தியாலம் மடக்கிக்கொண்டு இருக்க ஏலாது. நான் யன்னல் பக்கம் ஒதுங்கிறன். ஊண்டிற பொல்லை மேல வைக்கட்டோ? சரி, கையிலேயே வைச்சிருங்கோ. இந்தப் பையை நான் மேல வைக்கேல்லை, மடியிலதான் கொண்டு போறன். உள்ளுக்கை இருக்கிறது மடங்கக்கூடாது.

தமிழ்தான் எண்டு நீங்கள் ஏறேக்கையே கண்டிட்டன். அதாலதான் கையைக் காட்டிக் கூப்பிட்டனான். எனக்கு ஆரோடையாவது கதைக்கவேணும். வீட்டில கதைச்சால் மனிசி எழும்பிக் குசினிக்குப் போறா. கடையில கதைச்சால் சனம் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிக்குது. நீங்கள் என்னை அறியமாட்டியள், நானும் உங்களை அறியன். அது நல்லதாப் போச்சு.

ஒண்டு கேக்கிறன், நியாயமாச் சொல்லுங்கோ. செத்த ஒரு ஆளின்ர படத்தைப் பெரிசா அடிச்சு, ரெண்டு பக்கமும் குத்துவிளக்குப் போட்டு, இடப்பக்கம் பிறந்த திகதியும் போட்டாச்சு. வலப்பக்கத்தை வெறுமனே விடலாமோ? ஒரு காதில மட்டும் தோடு போட்ட மாதிரி இருக்குமெல்லே? அதுக்காகத்தான் நான் வலப்பக்கத்தில ஒரு திகதி போட்டனான். அவ்வளவுதான் நான் செய்த குற்றம். அதுக்கு ஆறு மாதமா என்ர சீவன் போகுது.

ஸ்காபரோவில குலம் அச்சகம் எண்டு கேள்விப்பட்டிருப்பியள். அந்தக் குலசிங்கம் நான்தான். இருபத்தேழு வருசம். அந்தப் பக்கத்துத் தமிழ்ச்சனத்தில பாதிப்பேருக்குக் கலியாண அழைப்புக் காட்டும் நான்தான், முப்பத்தோராம் நாள் நினைவுமலரும் நான்தான். மரண அறிவித்தல் எண்டால் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பன். ஆள் மாறும், பெட்டி மாறாது. படத்துக்கு ஒரு பெட்டி, திகதிக்கு ரெண்டு, மனிசி பிள்ளையளுக்கு ஒண்டு, தகவல் குடுக்கிற ஆக்களுக்கு ஒண்டு. எல்லாப் பெட்டியும் நிரம்பவேணும். வெறும் பெட்டியோட நான் ஒரு பேப்பரும் வெளியில விட்டதில்லை.

இப்ப விசயத்துக்கு வாறன். ஆழியன்ர ஆவணப்படம். தளபதி ஆழியன். தெரியுமெல்லே? தெரியாதோ? பாத்தியளே! இதுக்குத்தான் படம் எடுக்கவேணும் எண்டு நான் தொண்டை கிழியக் கத்தினனான். ஒரு காலத்தில அவன்ர பேரைக் கேட்டால் எதிர்ப்பக்கத்துக் காம்பில இருக்கிறவனுக்குச் சோறு இறங்காது. இண்டைக்கு மொன்றியல் பஸ்ஸில ஒரு தமிழன் ஆர் அது எண்டு கேக்கிறான். நான் உங்களைச் சொல்லேல்லை தம்பி. பொதுவாச் சொல்லுறன்.

சொந்தப் பேர் தவநேசன். என்ர பள்ளிக்கூடம். ஒரே வாங்கில இருந்து படிச்சனாங்கள். ஒரே வாங்கெண்டால், அவன் எனக்கு ரெண்டு வகுப்புக் கீழ. மாரியில கூரை ஒழுகேக்கை ரெண்டு வகுப்பையும் ஒண்டா இருத்துவினம், அப்ப ஒரே வாங்குதானே. எண்பத்தேழில நான் இஞ்சை வந்திட்டன். அவன் அங்கை நிண்டிட்டான். எனக்கும் அவனுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம்.

படக்குழு எண்டு நாங்கள் மூண்டு பேர். நான், நகைக்கடை விக்கினராசா, கமராக்காரன் சுஜீவன். சுஜீவன் கெட்டிக்காரன், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் முதல் நாளே துவங்கிட்டான். "அண்ணை, முதல்ல அவற்றை மனிசியைத் தேடுவம். கடைசியா என்ன நடந்ததெண்டு அவவுக்குத்தான் தெரியும்" எண்டான். மனிசி எங்கை இருக்கிறா எண்டு ஆருக்குத் தெரியும்? பிரான்ஸ் எண்டு சிலர், இந்தியா எண்டு சிலர். முதல்ல காசைச் சேர்ப்பம், பேந்து மனிசியைப் பாப்பம் எண்டு நான் சொல்லிப்போட்டன். நானும் தேடேல்லை. ஏன் பொய் சொல்லுவான், தேடேல்லை.

என்னத்துக்குத் தேடுறது? முடிவு எனக்குத் தெரியும்தானே. முற்றுகையை உடைச்சுக்கொண்டு காட்டுக்குள்ள இறங்கி, பதினைஞ்சு பேரோட நிண்டு, துப்பாக்கியில கடைசிச் சன்னம் இருக்குமட்டும் அடிச்சு வீரச்சாவு. ஆர் சொன்னது எண்டு கேக்கிறியளோ? எல்லாரும் சொல்லுறதுதானே. நான் விக்கினராசாவுக்குச் சொன்னனான். விக்கினராசா கடைக்கு வாற ஆக்களுக்குச் சொன்னவன். பேந்து ரேடியோவில சொன்னவை. பேந்து எனக்கே நாலுபேர் வந்து சொன்னவை. நாலுபேர் தம்பி! ஒருத்தரை ஒருத்தர் தெரியாத நாலுபேர்.

சரி, திகதிக்கு வாறன். மே மாதம் போட ஏலாது. மே பதினெட்டு, சண்டை முடிஞ்ச நாள், எல்லாருக்கும் பொது நாள். அதுக்குக் கிட்ட வைச்சால் மண்டபமும் கிடையாது, சனமும் கிடையாது. யூலை எண்டால் கறுப்பு யூலை. நவம்பர் மாவீரர் மாதம், தொடவே ஏலாது. ஓகஸ்ட்தான் சும்மா கிடந்தது. நல்ல வெயில். வருசா வருசம் பார்க்கில நினைவுநாள் வைக்கலாம், சனம் குழந்தை குட்டியோட வரும். கலண்டரைப் பாத்தன், அந்த ரெண்டாயிரத்து ஒன்பதில ஓகஸ்ட் ஒன்பது ஞாயிற்றுக்கிழமையா இருந்தது. போட்டன். வலப்பக்க விளக்குக்குக் கீழ, சிவப்பு எழுத்தில. அடிச்சு முடிச்சுப் பாத்தால், தம்பி, என்ன வடிவு! எனக்கே கண் கலங்கிட்டுது. இதில ஆருக்கு என்ன நட்டம்? சொல்லுங்கோ பாப்பம்.

போஸ்டரைத் தமிழ்க்கடை எல்லாத்திலயும் ஒட்டினனாங்கள். ஏஜக்ஸ், ஒட்டாவா, மொன்றியல் மட்டும் அனுப்பினனாங்கள். ஒக்ரோபர் ஞாயிறு, படத்துக்குக் காசு சேர்க்க மத்தியானச் சாப்பாட்டோட விருந்து. மேசை மேசையா ஆக்கள் எடுத்தவை. நாநூறு பேர்.

பதினொரு மணிபோல வாசலில ஒரு பொம்பிளை. சாம்பல் கலர்ச் சீலை, மேல ஒரு கோட்டு, கையில ஒரு துணிப்பை. விக்கினராசாட்டை வந்து மெல்லமாச் சொல்லுறா, "நான் ஆழியன்ர மனிசி. பவளராணி." விக்கினராசா ஓடிவந்து என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, "குலம், எங்களுக்கு லொத்தர் விழுந்திட்டுது!" எண்டான். நாங்கள் தேடாமல் விட்ட ஆள் தானா வந்து நிக்கிறா. மொன்றியலில ஒரு ஆஸ்பத்திரி லோண்டிறியில துணி மடிக்கிறாவாம். முருங்கைக்காய் வாங்கத் தமிழ்க்கடைக்குப் போன இடத்தில சுவரில புருசன்ர படத்தைக் கண்டிருக்கிறா. அடுத்த கிழமை லீவு சொல்லிப்போட்டு வெளிக்கிட்டிட்டா. இதே பஸ்ஸிலதான் வந்திருப்பா.

என்னைக் கண்டவுடன, "அண்ணை, உங்களோட தனிய ஒரு ரெண்டு நிமிசம் கதைக்கவேணும்" எண்டா. எனக்கு எங்கை தம்பி நேரம்? மைக் கூவுது, பிரியாணி வந்து சேரேல்லை, பேச வாற ஆள் நெடுஞ்சாலையில நிக்கிறார். "எல்லாம் முடியட்டும் பிள்ளை, ஆறுதலாக் கதைப்பம்" எண்டு சொல்லி முன்வரிசையில இருத்தினன். படத்துக்கு முன்னால ஈகைச்சுடர் விளக்கை ஏத்துறது நீங்கள்தான் எண்டும் சொன்னன். அது பெரிய மரியாதை. அதுக்கு மூண்டு பேர் எனக்குப் பின்னால ஒரு மாதமாத் திரிஞ்சவை. அவையளைப் பகைச்சுத்தான் இவவுக்குக் குடுத்தனான். அவ ஓமெண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. அப்பவாவது எனக்கு விளங்கியிருக்கவேணும்.

அகவணக்கம் முடிஞ்சுது. அவவின்ர பேரைக் கூப்பிட்டனாங்கள். சனம் முழுக்க எழும்பி நிக்குது. சில பொம்பிளையள் அப்பவே அழத் துவங்கிட்டினம். நான் மெழுகுதிரியைக் கொளுத்திக் கையில குடுத்தன். அவ படத்துக்கு முன்னால போய் நிண்டா. நிண்டா எண்டால் நிண்டாதான். விளக்குக்குக் கிட்டக் கை போகேல்லை. மெழுகு உருகிக் கைவிரலில விழுகுது, அதுவும் தெரியேல்லை. அவ பாத்துக்கொண்டு நிண்டது அவன்ர முகத்தையில்லை தம்பி. வலப்பக்கத்தை. நான் போட்ட திகதியை.

பேந்து திரும்பி மைக்கைக் கேட்டா. நான்தான் குடுத்தனான். என்ர இந்தக் கையாலதான். நன்றி சொல்லப்போறா எண்டு நினைச்சன்.

"இந்தத் திகதி ஆர் உங்களுக்குச் சொன்னது அண்ணை?"

நான் வாய் திறக்கமுன்னமே அவவே சொல்லத் துவங்கினா.

"மே மாதம் பதினெட்டாம் திகதி காலமை, பாலத்தடியில, நான்தான் அவரைக் கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் ஆமியிட்டைக் கையளிச்சனான். பெயர் பதிஞ்சு பஸ்ஸில ஏத்தினவை. விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டவை. அவற்றை சேட்டுப் பொக்கற்றுக்குள்ள பிள்ளையின்ர படத்தை நான்தான் வைச்சுவிட்டனான். அதுக்குப் பிறகு இண்டு மட்டும் ஒரு தகவலும் இல்லை. நான் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. நீங்கள் ஓகஸ்ட் ஒன்பது எண்டு போட்டிருக்கிறியள். மொன்றியலில இருந்து வரேக்கை நான் எண்ணிக்கொண்டு வந்தனான். எண்பத்திமூண்டு நாள். என்ர மனிசன் எண்பத்திமூண்டு நாள் உயிரோட இருந்திருக்கிறார். அது தெரிஞ்ச ஆளுக்கு, அந்த எண்பத்திமூண்டு நாளும் அவர் எங்கை இருந்தவர் எண்டும் தெரிஞ்சிருக்கும். எனக்கு அவரை ஒருக்காக் காட்டுங்கோ அண்ணை. நான் வேற ஒண்டும் கேக்கமாட்டன்."

கையளிச்சனான் எண்டு சொல்லுறா தம்பி! நாநூறு பேருக்கு முன்னால! தளபதியை, ஆழியனை, மனிசி கையில பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போய் பஸ்ஸில ஏத்திவிட்டவவாம், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையை விடுற மாதிரி! அப்ப காடு எங்கை? கடைசிச் சன்னம் எங்கை? அவன் பஸ்ஸில ஏறிப் போனான் எண்டால் நான் என்னத்துக்குப் படம் எடுக்கிறது? சனத்தின்ர முகத்தைப் பாத்தன். மூண்டாம் மேசையில ஒருத்தர் காசோலைப் புத்தகத்தை மெல்லமா உள்ளுக்கை வைக்கிறார். விக்கினராசா சப்பாத்தைப் பாத்துக்கொண்டு நிக்கிறான். என்ர தலைக்குள்ள என்னவோ பத்தி எரிஞ்சது. மைக்கைப் பறிச்சன். ஓம், பறிச்சனான்தான்.

"தங்கச்சி சொல்லுறது அவவின்ர துயரம். ஆனால் எங்களிட்டைச் சாட்சி இருக்கு. ஆழியனோட கடைசி மட்டும் கூட நிண்ட ஒருத்தர் உயிரோட இருக்கிறார். அவர் சொன்ன திகதிதான் இது!" எண்டன்.

அதுக்கு ஒரு கைதட்டு, தம்பி. கூரை பறந்தது. அந்தக் காசோலைப் புத்தகம் திரும்ப வெளியில வந்தது. அண்டைக்குச் சேர்ந்த மாதிரி ஸ்காபரோவில ஒரு விருந்துக்கும் சேர்ந்ததில்லை.

அவ? அவ என்ன செய்தவ எண்டோ? நான் பொய் சொன்னனான் எண்டு பிடிப்பா, கத்துவா எண்டு பாத்தன். கத்தியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். என்ர ரெண்டு கையையும் பிடிச்சா. அவவின்ர விரலில மெழுகு காய்ஞ்சு ஒட்டிக்கிடக்குது. "அப்பிடியொருத்தர் உயிரோட இருக்கிறாரோ அண்ணை? உண்மையாவோ?" எண்டா. முகம் அப்பிடி வெளிச்சது. மெழுகுதிரியை ஊதி நூத்து, துணிப்பைக்குள்ள வைச்சுக்கொண்டு, "அவரைக் கண்டு கதைச்சிட்டு ஏத்துறன்" எண்டு சொல்லிப்போட்டு இறங்கிப் போட்டா. விளக்கு ஏத்தாமலே விருந்து நடந்தது.

அண்டையோட துவங்கினது. சுஜீவன் வந்து நிக்கிறான், "அண்ணை, அந்தச் சாட்சியைக் கொண்டு வாங்கோ. முதல் காட்சி அவர்தான். அவர் இல்லாமல் நான் கமராவைத் தூக்கமாட்டன்." விக்கினராசா காசை வைச்சுக்கொண்டு, "சாட்சிக்காகத்தான் சனம் தந்தது, சாட்சி வரட்டும்" எண்டுறான். நான் கத்திப்போட்டன். ஆற்றை படம் இது? ஆற்றை யோசினை? ஆர் போஸ்டர் அடிச்சது, ஆர் மண்டபம் பிடிச்சது? ஒரு பொம்பிளை வந்து மூண்டு நிமிசம் கதைச்சிட்டுப் போக எல்லாம் படுத்திட்டுது.

படுத்ததோட விட்டால் பரவாயில்லை. ஒவ்வொரு ஞாயிறும் காலமை பத்து மணிக்கு போன் அடிக்கும். பிந்தவும் மாட்டாது, முந்தவும் மாட்டாது. "அண்ணை, சுகமா இருக்கிறியளோ? அவரிட்டைக் கேட்டனீங்களோ?" பேர் என்ன எண்டு கேட்டா. மேசையில ஒரு கலியாணக் காட்டு கிடந்தது, அதில இருந்த மாப்பிள்ளையின்ர தகப்பன்ர பேரை வாசிச்சன், அருமைத்துரை எண்டு. எங்கை எண்டு கேட்டா. சுவிஸ் எண்டன். கூட்டிக்கொண்டு வாங்கோ எண்டு கேக்கக்கூடாதெண்டு, அவருக்குக் காலில காயம், பொல்லூண்டித்தான் நடப்பார், லேசில பிரயாணம் செய்ய ஏலாது எண்டும் சொல்லி வைச்சன்.

பேந்து கேள்விதான். மெலிஞ்சு போனவராமோ? காயம் ஏதும் இருந்ததாமோ? சாப்பிட்டவராமோ? நான் என்ன கல்லோ தம்பி? சாப்பிட்டவராம் எண்டன். "என்ன சாப்பிட்டவராம்?" எண்டு கேக்கிறா. அடுத்த கிழமை கேட்டுச் சொல்லுறன் எண்டு போனை வைச்சன். அடுத்த கிழமை சரியாப் பத்து மணிக்கு, "கேட்டனீங்களோ அண்ணை?" சோறும் பருப்பும் எண்டன். பேந்து, "பருப்பு அவருக்கு விருப்பம்" எண்டா. எனக்கு வந்த விசருக்கு அண்டைக்கு நூறு காட்டுப் பிழையா வெட்டினனான்.

ஒருநாள் சொல்லுறா, முகாமில இருக்கேக்கை ஆனி மாதம் பிள்ளைக்குக் கொப்பளிப்பான் எண்ட அம்மை வருத்தமாம். "அந்த ஒரு மாதம் நான் ஒருத்தரிட்டையும் விசாரிக்கேல்லை அண்ணை. வேலியடிக்கும் போகேல்லை. அவர் செத்துப்போட்டார் எண்டு மனசுக்குள்ள நானே முடிவெடுத்திட்டன். நீங்கள் சொன்னாப்போலதான் தெரியுது, அப்ப அவர் உயிரோட இருந்திருக்கிறார். நான் தேடாமல் இருந்திட்டன்." இதைச் சொல்லிச் சொல்லி அழுகிறா. இதை எனக்கேன் சொல்லுவான்? நானோ பிள்ளைக்குக் கொப்பளிப்பான் குடுத்தனான்? ஓகஸ்ட் ஒன்பதுக்குள்ள உப்பிடியொரு ஆனி மாதம் கிடக்கெண்டு எனக்கு என்னெண்டு தெரியும்?

இந்தா, கிங்ஸ்ரன் தாண்டியாச்சு. கோப்பி குடிச்சியளோ? நான் குடிக்கேல்லை, நெஞ்சு எரியுது.

போன மாதம் விசயம் முத்திட்டுது. சூரிச்சில இருக்கிற மச்சாளைப் பிடிச்சு, அருமைத்துரையைக் கோயில் கோயிலாத் தேடுறாவாம். மூண்டு அருமைத்துரையைக் கண்டுபிடிச்சிட்டினம்! ஒருத்தருக்கு எழுபத்தெட்டு வயசு, ஒருத்தர் ஐயர், மூண்டாமாள் போனை வைச்சிட்டார். "அந்த மூண்டாமாள்தானோ அண்ணை?" எண்டு கேக்கிறா. ஆரோ ஒரு அப்பாவி மனிசன்ர வாசலில போய் நிக்கப்போறா. இனிப் பொறுக்க ஏலாது எண்டு நான் முடிவெடுத்தன். நாலு நாளைக்கு முன்னம் நானே எடுத்து, "ஞாயிற்றுக்கிழமை நேர வாறன், அருமைத்துரையின்ர விசயம், போனில சொல்ல ஏலாது" எண்டன். பேந்து, "எத்தினை பேருக்குச் சமைக்கிறது அண்ணை?" எண்டா. சமைக்கவேண்டாம் எண்டு சொல்லிப்போட்டு வைச்சன். பஸ்ஸடிக்கு வாறன் எண்டவ.

இனிப் பையைத் திறந்து காட்டுறன். ஓரத்தில பிடியுங்கோ, மை இன்னும் புதுசு. கண்ணாடி இருக்கோ? வாசியுங்கோ.

ஓம். மரண அறிவித்தல்தான். அமரர் அருமைத்துரை. பிறப்பு, இறப்பு, ரெண்டும் கிடக்கு. நான் என்ன செய்யிறது தம்பி? வாயால சொன்னால் ஆயிரம் கேள்வி கேப்பா. எங்கட சனம் கடதாசியில விளக்குப் படத்தோட வந்தால் கேள்வி கேளாது. இருபத்தேழு வருசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன். ஆள் செத்திட்டான், தெரிஞ்சதெல்லாம் அவனோட போட்டுது, சரி. அவவும் நிம்மதியா இருக்கலாம், நானும் இருக்கலாம்.

படமோ? உது நான்தான். இஞ்சை வரேக்கை எடுத்த பாஸ்போட் படம், எண்பத்தேழு. மீசையைப் பாத்தால் இப்ப ஆருக்கும் மட்டுக்கட்ட ஏலாது. வேற ஆற்றை படத்தைப் போடச் சொல்லுறியள்? மற்றவன் வீட்டுப் பிள்ளையின்ர படத்தைச் செத்ததெண்டு போடலாமோ? அது பாவமெல்லே. கீழ என்ன எழுதியிருக்கிறன் எண்டு பாருங்கோ. "தளபதி ஆழியன் அவர்களுடன் இறுதிவரை உடனிருந்தவர்." அதை அடிச்சுப்போட்டுக் கனநேரம் என்ர படத்தையும் அந்த வரியையும் பாத்துக்கொண்டு இருந்தன். வடிவா இருந்தது. சும்மா சொல்லுறன்.

என்ன? எந்தக் கமலாதேவி?

காட்டுங்கோ. அன்னாரின் பாசமிகு மனைவி கமலாதேவி, அன்பு மக்கள் நிறோசன், தர்சிகா, சூரிச்... ஓம். அது... அது அந்தப் பெட்டி தம்பி. மனிசி பிள்ளையளின்ர பெட்டி. வெறுமனே கிடந்தது.

ஐயோ.

அவ இந்தக் கமலாதேவியைத் தேடுவா. தேடுவா தம்பி! உங்கட அவர் சாகமுன்னம் உங்களுக்கு என்ன சொன்னவர், என்ர அவரைப் பற்றி ஏதும் கதைச்சவரோ எண்டு கேக்க, சூரிச் முழுக்க ஒரு கமலாதேவி மிச்சம் விடாமல் தேடுவா. ஏன் எனக்கு இது பிடிபடேல்லை? இருபத்தேழு வருசம் அடிச்ச கை, அது தன்ரபாட்டில அடிச்சுப்போட்டுது. ஒரு பேனை இருந்தால் தாங்கோ, வெட்டுவம். வெட்டினால் வெட்டினது தெரியுமே. சனியன்.

உண்மையைச் சொல்லட்டாம்! கேக்கச் சுகமாத்தான் இருக்கு. என்னத்தைச் சொல்லுறது? தங்கச்சி, ஓகஸ்ட் ஒன்பது ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயில், பார்க் கிடைக்கும், அதாலதான் உன்ர புருசன் அண்டைக்குச் செத்தவன் எண்டோ? அதைச் சொன்னால் அந்த எண்பத்திமூண்டு நாளையும் நான் திருப்பி வாங்கவேணும் தம்பி. அந்தச் சோறு பருப்பையும் வாங்கவேணும். ஆறு மாதமா அவ அதுக்குள்ளதான் சீவிக்கிறா. ஒவ்வொரு ஞாயிறும் அந்த எண்பத்திமூண்டில ஒரு நாளை என்னட்டைக் கேட்டு வாங்கி வைச்சிருக்கிறா. அதைப் போய் எந்த முகத்தோட நான் பறிக்கிறது? எனக்குக் கோவம் வராமல் என்ன வரும்? உங்களுக்கெண்டால் வராதோ?

எனக்கு அவவில கோவமில்லை. ஆரில எண்டும் தெரியேல்லை. விடுங்கோ.

பாலம் ஏறுது. மொன்றியல் வந்திட்டுது. தாங்கோ, அதைத் தாங்கோ, பைக்குள்ள வைப்பம். இல்லை, கிழிக்கேல்லை. இறங்கித்தான் யோசிப்பன். முதல்ல தேத்தண்ணி ஒண்டு குடிப்பம், நீங்களும் நில்லுங்கோவன், ஒரு பத்து நிமிசம். அந்நிய ஆள் ஒருத்தர் பக்கத்தில நிண்டால் அவ கனக்கக் கேக்கமாட்டா.

உங்கை நிக்கிறா. அந்தத் தூணுக்குப் பக்கத்தில, நீலக் கோட்டு. பாத்தியளே, சமைக்கவேண்டாம் எண்டு சொன்னன், அடுக்குச் சட்டியோட வந்து நிக்கிறா. இந்தக் குளிருக்குள்ள எவ்வளவு நேரம் நிண்டாவோ. ஆர் உவவை இப்பிடி நிக்கச் சொன்னது?

எழும்புங்கோ, பாத்து, படி உயரம். என்ர தோளைப் பிடியுங்கோ. இந்தப் பக்கம். பொல்லை முதல்ல வையுங்கோ. ஆ, அப்பிடித்தான்.

நான் கை காட்டுறன், அவ என்னைப் பாக்கேல்லை. ஏன் பாக்கேல்லை? எனக்குப் பின்னால என்னத்தை...

தம்பி, நில்லுங்கோ. இறங்காதேங்கோ. அந்தப் பொல்லை மறையுங்கோ தம்பி, மறையுங்கோ. அடுக்குச் சட்டியைக் கீழ வைச்சிட்டா.

உங்களைப் பாத்துத்தான் கும்பிடுறா.